துணியில் எழுந்தருளும் ஜகந்நாதர்

கொல்கத்தாவிலும் கரக்பூரிலும் ஜம்ஷெட்பூரிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பூரி யாத்திரை புதிதன்று. ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் அவர்களை முதலில் அழைத்துச் செல்லும் தலங்களுள் அதுவும் ஒன்று. ஆனால் நாள் பார்த்துச் செல்லாதவர்கள் சில வேளை ஏமாற்றம் அடைவதுண்டு. ஜ்யேஷ்ட மாதப் பௌர்ணமிக்கும் அதனை அடுத்த அமாவாசைக்கும் இடைப்பட்ட நாள்களில், அதாவது நம் கணக்கில் வைகாசிக் கடைசியிலோ ஆனியிலோ, அங்கே சென்றவர்கள் இரத்தின சிம்மாசனத்தில் மூர்த்திகளைக் காண்பதில்லை. மூங்கில் தட்டி ஒன்று குறுக்கே நிற்கிறது. அதன்மேல் மூன்று துணிச் சித்திரங்கள் தொங்குகின்றன. பூசை அவற்றுக்கே நடக்கிறது. “இத்தனை தூரம் வந்தது படத்தைப் பார்க்கத்தானா?” என்று சலித்துக்கொண்டு, கடலில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, இரவு வண்டியில் ஏறிவிடுகிறவர்கள் நம்மவருள் உண்டு. அவர்கள் கண்டும் காணாமல் வந்தது எது என்பதைச் சொல்வதே இப்பேச்சின் நோக்கம்.

‘படத்தைத்தானா’ என்று நாம் சொல்லும்போது, அந்தச் சொல்லையே சற்று நினைத்துப் பார்க்கலாம். பழந்தமிழில் படம், படாம் என்பன துணியைக் குறித்தவை. துணியில் எழுதிய சித்திரத்துக்கு அப்பெயர் வழங்கி, பிறகு எதில் எழுதினாலும் படம் என்றாயிற்று. அகப்பொருள் நூல்களில், மடலேறத் துணிந்த தலைமகன் தலைவியின் உருவை எழுதிக் கையில் ஏந்திச் செல்லும் ‘கிழி’யும் துணியே. இன்னொன்றும் உண்டு. மயிலுக்குப் பேகன் ஈந்த ஆடையைச் சிறுபாணாற்றுப்படை ‘கலிங்கம்’ என்று குறிக்கிறது. கலிங்க நாட்டிலிருந்து வந்த ஆடைக்கு நாட்டின் பெயரே ஆகி வந்தது என்று உரைப்பார்கள். அந்நாட்டின் பெயரையே துணிக்குச் சூட்டிய நாம், அந்நாட்டுத் துணிச் சித்திரத்தைப் பார்த்து முகம் சுளிப்பது பொருந்துமா?

மூலமூர்த்தி மறைந்திருக்கச் சித்திரம் வழிபாடு ஏற்பதும் நமக்குப் பழக்கமான செய்திதான். குடமுழுக்குக்காகத் திருப்பணி தொடங்கும்போது பாலாலயம் செய்கிறோம். மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கலசத்துக்கோ, அத்திப் பலகையில் எழுதிய சித்திரத்துக்கோ மாற்றிப் பணி முடியும்வரை அதற்குப் பூசை செய்கிறோம். திருவரங்கத்தில் ஆனி மாதத்து ஜ்யேஷ்டாபிஷேகத்தை அடுத்துப் பெரிய பெருமாளுக்குத் தைலக்காப்பு நடக்கும்போது திருமேனியைத் திரையிட்டு மறைத்துத் திருமுக தரிசனம் மட்டும் தருவார்கள். பூரியில் நடப்பதும் அதே ஜ்யேஷ்ட மாதத்துத் திருமஞ்சனத்தின் தொடர்ச்சியே. ஆனால் நம் கோவில்களில் எப்போதோ ஒருமுறை நேர்வது அங்கே ஆண்டுதோறும் நடக்கிறது. அதற்கென்றே ஒரு சித்திரக் கலை வாழ்ந்து வருகிறது.

பூரிக் கோவிலை எழுப்பத் தொடங்கியவன் கீழைக் கங்க மன்னன் அனந்தவர்மன் சோடகங்கன். கி.பி. 1078-இல் முடிசூடியவன். தாய் இராஜசுந்தரி சோழ குலத்து இளவரசி. பெயரிலேயே சோழனையும் கங்கனையும் சேர்த்து வைத்திருக்கிறான். முதற் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற கதையைச் சயங்கொண்டாரின் பரணி வழியே நாம் அறிவோம். அந்தப் போரில் எதிர் நின்று ஓடியவனாகப் பாடப்பெறும் கலிங்க வேந்தன் இவனே என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. தமிழில் தோற்றவனாகவே நாம் அறிந்த மன்னன், தன் நாட்டில் இந்தியாவின் பெருங்கோவில்களுள் ஒன்றை எழுப்பியவனாக நிற்கிறான்.

அக்கோவிலில் உள்ளவை கல் மூர்த்திகளோ செப்புத் திருமேனிகளோ அல்ல. வேப்ப மரத்தால் ஆனவை. பலபத்திரர், சுபத்திரை, ஜகந்நாதர் என்னும் மூவரையும் சுதர்சனத்தையும் மரம் என்று மட்டும் சொல்லிவிட்டாலும் போதாது. மரத்தின்மேல் பட்டு நூல் சுற்றப்படுகிறது. குங்கிலியமும் சந்தனமும் பூசப்படுகின்றன. அவற்றின்மேல் துணி ஒட்டி, பசையிட்டு மெழுகி, கடைசியில் வர்ணம் தீட்டுகிறார்கள். ஆக, பக்தன் கண்ணுக்குப் புலப்படும் ஜகந்நாதர், துணியின்மேல் தீட்டிய வர்ணமே. மரம் எலும்பு, துணி தோல் என்றே கோவிலார் கருதுகிறார்கள். சித்திரக்காரன் தன் பட்டத்தைத் தயாரிக்கும் முறையைப் பிறகு சொல்கிறேன். அதிலும் துணி, பசை, மெழுகல், வர்ணம் என்னும் இதே வரிசை வருவதை நேயர்கள் காண்பார்கள். பூரியில் படம் தெய்வத்தின் நிழலாக அன்றித் தெய்வத்தின் உடன்பிறப்பாக விளங்குவதற்கு இந்த ஒப்புமையே காரணம் என்பது என் துணிபு.

ஸ்நான பூர்ணிமையன்று மூர்த்திகளை வெளியே மேடைக்கு எழுந்தருளச் செய்து, 108 குடம் நீரால் திருமஞ்சனம் செய்கிறார்கள். இத்தனை நீரில் வர்ணம் நிலைக்குமா? கலைந்து போகிறது. கலைந்த திருமேனியை உலகுக்குக் காட்டலாகாது. ஆகவே சுவாமிக்கு ஜுரம் கண்டுவிட்டது என்பது வழக்கு. பதினைந்து நாள் அவர் தனியறையில் படுத்திருக்கிறார். மூலிகை மருந்தும் பழமுமே ஆகாரம். அந்நாள்களில் அருகிருந்து பணி செய்பவர்கள் தைதாபதிகள். ஜகந்நாதரை ஆதியில் காட்டில் வழிபட்ட சவரர் தலைவன் விசுவாவசுவின் வழி வந்தவர்கள் தாங்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள். நோயாளிக்கு உறவினர்தானே பணிவிடை செய்ய வேண்டும்! இக்காலத்துக்கு அணசரம் என்று பெயர். திருமேனிக்குப் புது வர்ணம் தீட்டும் வேலையும் அப்போதே மறைவில் நடந்து முடிகிறது. ஆஷாட மாதம் இரண்டு வரும் சில ஆண்டுகளில் பழைய மரத் திருமேனிகளை விடுத்துப் புதியவற்றைச் செய்கிறார்கள். ‘நவகளேபரம்’ என்னும் அச்சடங்கு 1950, 1969, 1977, 1996, 2015 ஆகிய ஆண்டுகளில் நடந்தது. அவ்வாண்டுகளில் அணசரம் ஒன்றரை மாதம் நீள்கிறது.

இந்த நாள்களில் தரிசனம் தருபவையே அணசரப் பட்டிகள் எனப்படும் மூன்று துணிச் சித்திரங்கள். வெண்ணிறத்தில் பலபத்திரர் வாசுதேவராக, மஞ்சள் நிறத்தில் சுபத்திரை புவனேசுவரியாக, கருநிறத்தில் ஜகந்நாதர் நாராயணராக விளங்குகிறார்கள். சிம்மாசனத்து ஜகந்நாதருக்கு விரல்களோ பாதங்களோ கிடையா. வட்டக் கண்களும், முன்னே நீட்டிய கட்டை போன்ற புயங்களுமே உண்டு. துணியிலோ அவர் நான்கு கரங்களோடு எழுந்தருளுகிறார். நாம் பெருமாள் கோவில்களில் கண்டு பழகிய நாராயணன் அவரே. ஆண்டு முழுதும் வேற்றுருவாகத் தோன்றிய மூர்த்தி இந்தப் பதினைந்து நாளில் மட்டும் தமிழ் யாத்திரிகனுக்குத் தன் ஊர்ப் பெருமாளாகக் காட்சி தருகிறார். சலித்துக்கொண்டு திரும்பியவர்கள் இதைக் கவனித்தார்களோ இல்லையோ!

பட்டிகளை எழுதும் உரிமை சித்திரக்காரர் என்னும் குலத்தாருள் குறிப்பிட்ட குடும்பங்களுக்கு உரியது. எழுதும் நாள்களில் அவர்கள் புலால் உண்பதில்லை. ஒருவேளை உணவோடு விரதம் காப்பார்கள். எழுதி முடித்த பட்டிகளைச் சுருட்டி மேளதாளத்துடன் கோவிலுக்கு எடுத்துச் செல்வது மரபு. ஆண்டுதோறும் புதிதாக எழுதப்படுவதால், இந்தக் கலை எத்தனை பழையது என்று ஒரு பழைய துணியைக் காட்டி நிறுவுவது அரிது. அருங்காட்சியகங்களில் இன்றுள்ள பட்டங்களுள் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டவை அல்ல. இக்கலையின் பழமை பொருளில் தங்கியிருக்கவில்லை, கடமையில் தங்கியிருக்கிறது.

இனிப் பட்டம் உருவாகும் விதத்தைப் பார்ப்போம். முதல் வேலை பெண்களுடையது. புளியங்கொட்டையைச் சில நாள் ஊறவைத்து, அரைத்து, காய்ச்சிப் பசை எடுக்கிறார்கள். துவைத்து நைந்த பழம்புடவைத் துணி இரண்டு மடிப்பை அந்தப் பசையால் ஒன்றோடொன்று ஒட்டி வெயிலில் உலர்த்துகிறார்கள். உலர்ந்த துணியின்மேல் வெண்சுண்ணப் பொடியைப் பசையில் குழைத்துப் பூசுகிறார்கள். மறுபடி உலர்ந்ததும் முதலில் சொரசொரப்பான கல்லாலும் பிறகு வழவழப்பான கல்லாலும் நெடுநேரம் தேய்க்கிறார்கள். துணி தோல்போல் உறுதியாகவும் வழுவழுப்பாகவும் ஆகிறது. பட்டம் வாங்குகிறவர் முன்பக்கத்துச் சித்திரத்தைப் புகழ்ந்து ஆணின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்வார். பின்பக்கத்தைத் திருப்பித் தடவிப் பார்த்து, தேய்த்தவள் பெயரைக் கேட்டவர் குறைவு.

வர்ணங்களுக்கு நம் மொழியில் பழம்பெயர்களே உள்ளன. வெண்மை சங்கை இடித்துப் பொடித்து வருவது. மஞ்சள் அரிதாரம், நம் கூத்தர் முகத்தில் பூசிய அதே கனிமம். சிவப்புக்குச் சாதிலிங்கமும் காவிக்கல்லும் ஆகின்றன. கறுப்பு விளக்குப் புகையைச் சட்டியில் பிடித்துச் சேர்த்த மை. நீலத்துக்கு அவுரியும் உதவியிருக்கிறது. இவற்றைக் குழைக்கும் பசை விளாம்பிசின். கொட்டாங்கச்சிகள் வரிசையாக இருக்க, ஒவ்வொன்றிலும் ஒரு வர்ணம் இருக்கும். தூரிகை எலிமயிர், கீரிமயிர், எருமைமயிர் என நுண்மைக்கேற்ப மாறும். பெரிய பரப்பை நிரப்பத் தாழை வேரின் நுனியைத் தட்டி நாராக்கிக்கொள்வதும் உண்டு. முதலில் ஓரக்கரை எழுதி, உருவங்களின் புறக்கோடு இட்டு, பின்புலம் தீட்டி, உடல், ஆடை, அணி என்று முன்னேறி, கடைசியில் கறுப்புக் கோட்டால் எல்லாவற்றையும் உயிர்ப்பிக்கிறார்கள். கூரிய நாசி, எடுப்பான மோவாய், காதை நோக்கி நீளும் கண் ஆகியவற்றைக் கொண்டு பூரிப் பட்டத்தை எங்கே கண்டாலும் இனங்காணலாம். விற்பனைக்குரிய பட்டங்களுக்கு இறுதியில் அரக்குப் பூச்சு ஏறும். பிறகு நீர் பட்டாலும் எளிதில் கெடுவதில்லை.

கோவில் பட்டி மூன்றே. ஆனால் அதை எழுதிப் பழகிய கை ஆண்டு முழுதும் சும்மா இருப்பதில்லை. கிருஷ்ண லீலை, தசாவதாரம், இராமகதை, வட்டச் சீட்டாட்டமான கஞ்சபாவின் சீட்டுகள் எனப் பலவும் எழுதும். 15-ஆம் நூற்றாண்டில் சாரளா தாசர் ஒடியா மொழியில் இயற்றிய மகாபாரதத்தில் அருச்சுனன் முன் தோன்றும் நவகுஞ்சரம் அவர்களுக்குப் பிடித்த உரு. சேவற்றலை, மயிற்கழுத்து, பாம்பு வால் என்று ஒன்பது உயிர்களின் உறுப்புகள் ஒன்றாகி, ஒரு கால் இருக்க வேண்டிய இடத்தில் மனிதக் கை நீண்டிருக்கும். அந்தக் கையைக் கண்டுதான் அருச்சுனன் வில்லைத் தாழ்த்துகிறான்.

நம்மவர் நின்று பார்க்க வேண்டிய பட்டம் வேறொன்று. கருங்குதிரை ஒன்று, வெண்குதிரை ஒன்று. அவற்றின்மேல் இரண்டு வீரர்கள். இடையே தயிர்ப்பானையோடு ஓர் ஆய்ச்சி. இதற்குக் காஞ்சி விஜயம் என்று பெயர். நம் காஞ்சிபுரமே அது. கதை இது: கஜபதி மன்னன் புருஷோத்தம தேவன் காஞ்சி இளவரசியை மணக்க விரும்பினான். தேர்த் திருவிழாவில் பூரி மன்னன் பொன் விளக்குமாற்றால் தேர்த்தட்டைப் பெருக்குவது இன்றளவும் நடக்கும் முறை. அதை அறிந்த காஞ்சி மன்னன், தெருப் பெருக்குகிறவனுக்கு மகளைத் தரேன் என்றான். முதற்படையெடுப்பில் புருஷோத்தமன் தோற்றான். இரண்டாம் முறை, அவன் அறியாமல் ஜகந்நாதரும் பலபத்திரரும் குதிரையேறி முன்னே சென்றார்கள். சில்கா ஏரியை அடுத்த இடத்தில் மாணிகா என்ற ஆய்ச்சியிடம் தயிர் வாங்கி உண்டார்கள். கையில் காசில்லை. பின்னால் வரும் மன்னன் தருவான் என்று ஒரு கணையாழியைக் கொடுத்துப் போனார்கள். மோதிரத்தைக் கண்ட மன்னன் யார் தனக்கு முன் செல்கிறார்கள் என்று உணர்ந்தான். வென்றான். சிறைப்பட்ட இளவரசியை ஒரு துப்புரவாளனுக்கே மணம் செய்து கொடு என்று சினத்தோடு அமைச்சனிடம் சொன்னான். அமைச்சன் அடுத்த தேர்த் திருவிழாவரை காத்திருந்து, மன்னன் விளக்குமாற்றை ஏந்தி நின்ற வேளையில் அவளை அழைத்து வந்து, “இவரே நான் தேடிய துப்புரவாளர்” என்றான்.

ஒடியா மக்கள் உள்ளத்தில் இந்தக் கதைக்குள்ள இடம் பெரிது. பூரிக் கோவிலின் ஜகமோகன மண்டபச் சுவரிலும் இக்காட்சி உண்டு. வரலாறு எவ்வளவு, கற்பனை எவ்வளவு? புருஷோத்தமன் ஏறத்தாழ 1466 முதல் 1497 வரை ஆண்டவன். அவன் தந்தை கபிலேந்திரனின் படைகள் அதற்கு முன்பே தமிழகத்துக்குள் புகுந்தன. பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்து முன்னூரில் உள்ள 1464-ஆம் ஆண்டுக் கல்வெட்டு கபிலேந்திரனின் பேரனைக் குறிக்கிறது. அப்படையெடுப்பால் கோவில்களில் பூசை நின்றதைச் சொல்லும் கல்வெட்டுகளும் அப்பகுதியில் உண்டு. அவற்றில் ‘ஒட்டியன்’ என்ற பெயர் துன்பத்தோடு வருகிறது. புருஷோத்தமனின் காலத்தில் காஞ்சி விஜயநகரத்தாரின் கீழ், சாளுவ நரசிம்மனின் ஆட்சிப் பகுதியில் இருந்தது. கதையின் காஞ்சி மன்னன் அவனே என்று கொள்வர். நாம் பரணி பாடினோம். அவர்கள் பட்டம் எழுதினார்கள். இரண்டிலும் எதிராளியின் ஊர் எரிவதை வென்றவன் கண்ணால் மட்டுமே பார்க்கிறோம். எனினும் பட்டத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. எத்தனையோ சித்திரக்காரர்கள் இக்கதையை எழுதியிருந்தும், போர்க்களத்தை நடுவில் வைப்பதை அவர்கள் விரும்பவில்லை. நடுவில் நிற்பவள் தயிர் விற்கும் பெண். கைந்நீட்டிக் கடன் வாங்குகிறவன் கடவுள்.

விற்பனைச் சரக்கான பட்டத்துக்கு யாத்திரிபட்டி என்று பெயர். பூரிக்கு வந்த யாத்திரிகர்கள் வீட்டுக்கு வாங்கிச் சென்றவை அவை. பூரித் தலத்தைச் சங்க க்ஷேத்திரம் என்பார்கள். அதற்கேற்பச் சங்கு வடிவில் ஊரையும் கோவிலையும் அடக்கி எழுதும் பட்டம், தெய்வப் படமாகவும் தல வரைபடமாகவும் இருவகையில் பயன்பட்டது. அச்சில் பதித்த மலிவான தெய்வப் படங்கள் வந்ததும் இந்த வாணிகம் சரிந்தது. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சித்திரக்காரர் பலர் தூரிகையை வைத்துவிட்டு வயல் வேலைக்கும் கொத்து வேலைக்கும் போய்விட்டார்கள். கோவிலுக்கு ஆண்டுக்கொரு முறை மூன்று பட்டி எழுதியே ஆக வேண்டும். தேரில் பூட்டும் மரக்குதிரைகளுக்கும் பக்கத் தெய்வங்களுக்கும் வர்ணம் தீட்டியே ஆக வேண்டும். அந்தக் கட்டாயம் இல்லாதிருந்தால் கைப்பழக்கம் ஒரு தலைமுறையில் அற்றுப்போயிருக்கும்.

1950-களின் தொடக்கத்தில் ஹலீனா ஸீலி என்ற ஐரோப்பிய மாது அப்பகுதிக்கு வந்தார். குவேக்கர் தொண்டமைப்பில் பணியாற்றிய கணவருடன் ஒரிஸாவில் தங்கியிருந்தவர் அவர். மாநிலப் பெயரை அப்போது அப்படித்தான் எழுதினோம்; 2011-இல் ஒடிசா என்று ஆயிற்று. சித்திரக்காரர்களைத் தேடிக் கண்டு, பழைய முறையிலேயே மீண்டும் எழுதச் சொல்லி, பரிசு வைத்து ஊக்கி, பட்டங்களை வெளியுலகுக்கு அறிமுகம் செய்தார். அதற்கு முன்வந்தவர்களுள் முதன்மையானவர் இரகுராஜ்பூரின் ஜகந்நாத மகாபாத்ரா. பிறகு அவரிடம் பயின்றவர்கள் பலர். இரகுராஜ்பூர் பார்கவி ஆற்றங்கரையில், பூரிச் சாலையில் சந்தன்பூருக்கு அருகே உள்ள சிற்றூர். ஒடிசி நடன ஆசான் கேளுசரண் மகாபாத்ரா 1926-இல் பிறந்ததும் இவ்வூரில், சித்திரக்காரர் குடும்பத்தில்தான். இன்று அங்கே வீட்டுச் சுவரெல்லாம் சித்திரம். திண்ணைதோறும் பட்டம் விரித்து வைத்திருக்கிறார்கள். டஸர்ப் பட்டில் எழுதுகிறார்கள், பனையோலையில் கீறுகிறார்கள். முன்பு பசை காய்ச்சியதோடு நின்ற பெண்கள் இன்று தாமே தூரிகை எடுத்திருப்பது நல்ல செய்தி. கடைவர்ணமும் நுழைந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். வாங்குகிறவர்கள் சங்கு வெள்ளையா, புட்டி வெள்ளையா என்று கேட்பதில்லை. சித்திரக்காரரும் தாமாகச் சொல்வதில்லை. கேட்டால் பெரும்பாலும் மறைக்காமல் சொல்வார்கள். நம்மவர்கள் கேட்டுப் பழக வேண்டும்.

2019 மே 3-ஆம் நாள் ஃபனி புயல் பூரியில் கரை கடந்தது. இரகுராஜ்பூரில் கூரைகள் பறந்தன. பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்த பட்டங்கள் நனைந்து பாழாயின. பல மாத உழைப்பு ஒரு பகலில் போயிற்று. கடைக்குரிய பட்டத்தை அடுத்த பருவத்தில் எழுதிக்கொள்ளலாம். கோவில் நாள் காத்திருக்காது. அவ்வாண்டு ஸ்நான பூர்ணிமை ஜூன் 17. புயலுக்கும் அதற்கும் இடையே 45 நாள்களே இருந்தன. திருமஞ்சனம் குறித்த நாளில் நடந்தது; ஜூலை 4-இல் தேர் ஓடியது.

அணசர நாள்களில் பூரிக்குச் செல்ல நேர்ந்தவர்கள் பட்டிகளைத் தரிசித்துவிட்டு, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிரம்மகிரிக்கும் போய் வரலாம். அங்குள்ள அலார்நாதரை அந்நாள்களில் தரிசிப்பது பழவழக்கம். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூரியில் தங்கிய சைதன்யர் ஜகந்நாதரைக் காணாத துயரில் அங்கேதான் சென்றார் என்று அவர் வரலாறு கூறுகிறது. அலார்நாதர் என்ற பெயர் ‘ஆழ்வார்நாதர்’ என்பதன் திரிபு என்றும், முதலில் அங்கே பூசை செய்தவர்கள் தென்னாட்டார் என்றும் சொல்வார்கள். கோவில் சிறியது, கூட்டம் அந்தப் பதினைந்து நாளில் மிகுதி.

அமாவாசையை ஒட்டிப் பூரியில் நேத்திரோத்சவம் வருகிறது. மறைவில் புதுவர்ணம் ஏற்ற திருமேனிகளுக்குக் கண் தீட்டுகிறார்கள். மூங்கில் தட்டி அகற்றப்படுகிறது. நாற்கரத்து நாராயணன் சுருட்டப்பட்டு உள்ளே போகிறான். கையில்லாத, வட்டக் கண் ஜகந்நாதர் யௌவனத்தோடு முன்னே நிற்கிறார். தேர்கள் மூன்றும் அதற்குள் வாசலில் வந்து காத்திருக்கின்றன.